ஆத்தா குடுக்காத உத்தரவு

அந்தத் தட்ட அப்படிக் கல்லு மேல வையி தம்பி. கீழ வைக்காத, எல்லாம் சாணி. வெத்தல வாடுனா வாடட்டும், அதுக்கு இப்ப என்ன அவசரம். வந்ததுதான் வந்த, ஒரு கை குடு. வண்டிக்காரன் காப்பி குடிச்சிட்டு வாறேன்னு போனான், ஆளக் காணோம். இந்த மாட்டுத் தலைய அமுக்கிப் பிடிச்சுக்கோ. கொம்பப் பிடி. மூக்கணாங்கயித்த இழுக்காத, அதுக்கு நோவும். ஆங், அப்படித்தான். காலு நாலையும் சேத்துக் கட்டியாச்சு, ஒதைக்காது, பயப்படாத.

குமுளி ஏத்தம் ஏறி வந்த மாடு. கொளம்பப் பாரு, லாடம் தேஞ்சு தகடாப் போச்சு. இங்க வண்டிப்பெரியார்ல நமக்கு வேலைக்குக் கொறச்சல் இல்ல. தேயிலைப் பெட்டி எறங்கும், அரிசி மூட்டை ஏறும், மாடு நொண்டும். எட்டு வருசமா இதான் பொழப்பு. அதுக்கு முன்ன நான் என்னவா இருந்தேன்னு ஒனக்குத் தெரியும். தெரியாமயா பட்டுத் துண்டோட வந்து நிக்க.

பேரு சந்தனம்னா சொன்ன? எந்தப் பக்கம்? கோயில்பட்டியா. சரிதான், நாங்க சங்கரங்கோயில் பக்கம். ரெண்டும் ஒரே கரிசல்தான்.

ஒங்க தோட்டத்துக் கங்காணியா அனுப்புனாரு? சனங்க கேட்டு அவரு அனுப்புனாரா, இல்ல அவரா எம்பேரச் சொன்னாரா? அவராத்தானா. ம்.

இரு, நான் சொல்றேன், சரியான்னு பாரு. நீங்க குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால மேட்டுல வெடிப்பு விட்டிருக்கு. மழை நிக்கல. சனங்க மூட்டையக் கட்டிட்டு வேற தோட்டத்துக்குப் போயிருவோம்ங்கிறாக. பெரியாளுக, சாமி உத்தரவு இல்லாம எப்படிப் போக, பிடிமண்ணு எடுக்காம எப்படிப் போகன்னு தடுக்காக. ஒங்க கோயில்ல ஆடுறவரு இல்ல. காச்சல்ல போயிட்டாரா, பாவம். அதனால கங்காணி, நான் ஒரு நல்ல சாமியாடியாக் கொண்டாறேன், அவரு வாயில என்ன வருதோ அதுக்கு எல்லாரும் கட்டுப்படுவோம்னுட்டாரு. நீங்களும் சரின்னுட்டீக.

எப்படித் தெரியும்னு கேக்கியா. எனக்கு இது புதுசு இல்ல தம்பி. தலையக் கொஞ்சம் சாச்சுப் பிடி, கண்ணுல மண்ணு படப் போகுது.

என்னப் பத்தி என்ன கேள்விப்பட்ட? கூச்சப்படாமச் சொல்லு. ஈட்டிக்காட்டுத் தோட்டத்துல மலை சரிஞ்சு ரெண்டு லயமும் மண்ணுக்குள்ள போச்சு, சங்கையா சாமியாடி குடும்பத்த மட்டும் ஆத்தா தொடல. அப்படித்தான? பொஞ்சாதியையும் புள்ளையையும் சடங்கு வீட்டுக்குன்னு சொல்லி முன்னாலயே கம்பத்துக்கு அழைச்சிட்டா. சாமியாடிய எதுத்த மேட்டுல கங்காணி வீட்டுல படுக்க வச்சுட்டா. தன் புள்ளைகளத் தானே எடுத்து ஒதுக்கி வச்சுக்கிட்டா. இதத்தான கேட்ட. நானும் கேட்டிருக்கேன், ஊரு பூராவும் சுத்தி எங்காதுக்கே வந்திருக்கு. வண்டிக்காரங்க சிலபேரு லாடம் அடிச்சு முடிச்சதும் என் கால்ல விழுவானுக. வேணாம்யான்னா கேக்க மாட்டானுக.

எம்பொஞ்சாதியா? சாந்தம்மா இன்னும் கம்பத்துலதான் இருக்கா, அவ அண்ணன் வீட்டுல. மகளுக்கு இப்ப பதிமூணு. இங்க உள்ள குளிரு அவளுக்கு ஆகாது. நான் மாசி, பங்குனில ஒருக்க போயிப் பாத்துட்டு வருவேன்.

அந்த உளிய எடு. அது இல்ல, பக்கத்துல சின்னது. கொளம்பச் சீவாம லாடம் வச்சா உக்காராது.

எங்க ஊரு வழக்கம் ஒண்ணு, ஒங்களுக்கும் அதுதான் போலருக்கு. எடத்த விட்டுப் போற சனம் கோயில் வாசல் மண்ணு ஒரு பிடி கொண்டுட்டுப் போகணும். போன எடத்துல அதப் போட்டு வெளக்கேத்துனா அதான் கோயிலு. ஆனா அந்த மண்ண நெனச்சவன் நெனச்ச மாதிரி அள்ள முடியாது. சாமி வந்து ஆடுறவன் குனிஞ்சு, தன் கையால அள்ளி, பெரியாளு மடியில போடணும். போட்டா ஆத்தா கூட வாறா. போடலன்னா அவ வரல. அவ வராத எடத்துக்குப் புள்ளகுட்டியோட யாரு போவா.

எங்கப்பா அப்படித்தான் அள்ளிப் போட்டாரு. மூணு வருசம் மழை இல்ல, ஊருணிக்குள்ள வெள்ளக்காரத் தொரை மகன் என்னமோ பந்து ஆடிட்டுப் போனான், அவ்வளவு காஞ்சு கெடந்துச்சு. பெரியமுத்துக் கங்காணி வந்து மந்தையில நின்னு, மலையில தண்ணி கொட்டுது, வேலை கெடக்கு, வாங்கன்னாரு. இருவது குடும்பம் கெளம்புச்சு. அப்பா தான் கட்டி ஆடுன சல்லடத்த என் இடுப்புல கட்டி, காலுல சலங்கையக் கட்டி, மண்ண மடியில போட்டு அனுப்புனாரு. அவரு வரல. கூடலூரு வந்து குமுளி ஏறி நடந்தோம். தண்ணி கொட்டுதுன்னு கங்காணி சொன்னது பொய் இல்ல. அட்டையையும் குளிரையும் சொல்லல, அவ்வளவுதான்.

ஈட்டிக்காட்டுல ரெண்டு லயம். மேல லயம் எங்காளுகளுக்கு. கீழ லயம் அவுகளுக்கு. யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல, ஒங்க தோட்டத்துலயும் தண்ணிக் கொழாய் தனியாத்தான இருக்கும். மலைக்கு வந்தும் அத விட்டமா. மண்ணோட சேத்து அதையும் மடியில கட்டித்தான் கொண்டாந்தோம். அவுக தப்பு அடிக்கலன்னா எங்க சாமி எறங்காது. ஆனா அவுக கோயில் வாசலுக்கு உள்ள கால் வைக்கக் கூடாது. வெளிய கயிறு கட்டியிருப்போம், அந்தப் பக்கம் நின்னு அடிக்கணும். அத நான் ஒரு நாளும் தப்புன்னு நெனச்சதில்ல. சாமியாடின்னா நான்தான் அந்தக் கயித்தப் பாத்துக்கிட்டது.

கீழ லயத்துல சுருளியம்மான்னு ஒருத்தி. அவ புருசன் பழனிச்சாமிதான் தப்பு அடிப்பான். அவ கொழுந்து எடுக்கிற வேகத்துக்கு யாரும் ஈடு கெடையாது, வாயும் அப்படித்தான் ஓடும். எம்மக பொறந்த அன்னைக்குப் பேய் மழை. சாந்தம்மா ரெண்டு நாளா வலியில கெடக்கா, டாக்டரு இருக்கிற தோட்டத்துக்குத் தூக்கிட்டுப் போக வழியில்ல. மேல லயத்துக் கெழவிக கைய விரிச்சுட்டாக. கடைசில சுருளியம்மாதான் உள்ள வந்து புள்ளைய எடுத்துத் தொப்புள்கொடி அறுத்தா. என் வீட்டுக்குள்ள வந்தா தம்பி, படுக்கை வரைக்கும். அப்பத் தீட்டு இல்ல. புள்ள அழுத பெறகு, வீட்டக் கழுவி விட்டோம்.

அன்னையிலருந்து என்ன அண்ணேன்னுதான் கூப்பிடுவா. மத்தவுக முன்னால சாமின்னுவா, தனியாப் பாத்தா அண்ணே. சாந்தம்மா அவளுக்கு மதினி. வாரத்துல ரெண்டு தரம் தண்ணிக் கொழாய்ப் பக்கம் நின்னு எம்மகளப் பாத்துட்டுத்தான் போவா. தொட மாட்டா. பாப்பா.

அந்த ஆணிய ஒவ்வொண்ணா எடுத்துக் குடு. வாயில வச்சுக்கிட்டுப் பேசினா முழுங்கிருவேன்.

எங்க லயத்துக்குப் பின்னால மேக்காடு. கட்டிப் பிடிக்க மூணு ஆளு வேணும், அப்படி மரங்க. பெரு வெள்ளம் வந்துச்சுல்லா, ஊரெல்லாம் தண்ணியில போன அந்த வருசம், அதுக்கு முன்னதான் அத வெட்டினோம். நாங்களேதான் வெட்டினோம். மரத்த மட்டும் வெட்டல. புதுத் தேயில நடணும்னு வேரையும் நோண்டி எடுக்கச் சொன்னாரு தொரை. எடுத்தோம். சுருளியம்மா அன்னைக்கே கேட்டா, இத்தன மரம் குடிச்ச தண்ணி இனிமே எங்கண்ணே போகும்னு. நான் சிரிச்சேன். ஒன் வீட்டுப் பானைக்கு வரும் போன்னேன்.

வெள்ளத்துல மேடு எப்படியோ தாங்குச்சு. மறு வருசம் ஆடி மாசம், பத்து நாளா விடாத மழை. அவ வெறகுக்கு மேல ஏறினவ வெடிப்பப் பாத்துட்டு வந்துட்டா. நேரா எங்கிட்டத்தான் வந்தா. அண்ணே, மேடு பொளந்து கெடக்கு, நான் சொன்னா யாரு கேப்பா, நீங்க வந்து பாருங்க, நீங்க சொன்னாக் கேப்பாகன்னா. நான் போயிப் பாக்கல. மழையில அந்த வழுக்கல்ல யாரு ஏறுவா. சரி, சொல்றேன் போன்னு அனுப்பிட்டேன்.

ஆனா சேதி பரவிருச்சு. ரெண்டு லயத்துலயும் ஒரே பேச்சு. வேற தோட்டத்துல ஆளு எடுக்காக, போயிருவோம்னு. நம்மாளுகதான் தெரியுமே. எல்லாத்துக்கும் தயாரா நின்னுட்டு, சாமி உத்தரவுன்னு வந்து நிப்பாக. செவ்வாக்கெழம கேக்கிறதுன்னு முடிவாச்சு.

திங்கக்கெழம பெரியமுத்துக் கங்காணி கொடையப் பிடிச்சுக்கிட்டு எங்க லயத்துக்கு வந்தாரு. அதுவரைக்கும் எனக்கு அவரு வாயில பேரே ஏலேய்தான். அன்னைக்கு வாசப்படியில உக்காந்து, சங்கையாண்ணேன்னாரு. கேக்கும்போதே என்னமோ ஒரு மாதிரி இருந்துச்சு, நல்லா இருந்துச்சுன்னுதான் சொல்லணும். இந்த மாசத்துக்குள்ள மேக்காட்டுல நாத்து நடலன்னா தொரை என் கங்காணிக் கம்பப் பிடுங்கிருவாரு, சனம் போயிட்டா நான் யாருக்குக் கங்காணின்னாரு. ஆத்தாவுக்குக் கல்லுக் கட்டடமா கோயில் எழுப்பித் தாறேன், நீ அதுக்குப் பூசாரி, இனி காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல போயி ஆளோட ஆளா நிக்க வேண்டாம், கூடை சுமக்க வேண்டாம்னாரு. மழை ரெண்டு நாள்ல நின்னுரும், மேடு ஒண்ணும் ஆகாது, சனத்த இருக்கச் சொல்லு, அது போதும்னாரு.

என்ன சொன்னேனா? நான் ஆத்தாதான் சொல்லணும்னேன். அவரு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன்.

சாமி வாறதுன்னா என்னன்னு ஒனக்குத் தெரியுமா தம்பி? நீ ஆடினதில்ல. எனக்கு மொத நாலஞ்சு வருசம் வந்திருக்கு. அதுல பொய் இல்ல, எம்மக மேல சத்தியம். தப்புச் சத்தம் வயித்துக்குள்ள எறங்கும், காலு நம்ம காலா இருக்காது. முடிஞ்ச பெறகு என்ன பேசினோம்னு அடுத்தவுக சொல்லித்தான் தெரியும். பெறகு பெறகு கொறஞ்சிருச்சு. எப்பக் கொறஞ்சுச்சுன்னு சொல்லத் தெரியல. ஆனா ஆட்டம் ஒடம்புல பழகிப் போச்சு, யாருக்கும் வித்தியாசம் தெரியாது. வந்த மாதிரியே ஆடுவேன். நாக்கக் கடிக்கத் தெரியும், கண்ணச் சொருகத் தெரியும்.

செவ்வாக்கெழம முற்பகல். கொட்டுற மழை. கூரைக்குக் கீழ ஆத்தா, வாசல்ல நான், சுத்தி எங்க சனம், கயித்துக்கு அந்தப் பக்கம் அவுக. பழனிச்சாமி தப்பக் காய்ச்ச முடியாம, ஒரு சாக்கப் போத்திக்கிட்டு அடிக்கான். நான் ஆடுறேன். காலு ரெண்டும் என் காலாவே இருக்கு. பித்தவெடிப்பு எரியுது, அதுகூடத் தெரியுது. பெரியாளு துண்ட மடியா விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு மண்ணுக்குக் காத்து நிக்காரு. பொம்பளைக எல்லாம் மூட்டையக் கட்டி வச்சுட்டுத்தான் வந்திருக்காக. நான் குனிஞ்சேன். எல்லாரும் குலவை போட வாயத் தெறக்காக. மண்ண அள்ளல. அதுல ஓங்கி மிதிச்சேன். நான் இங்கதான் இருப்பேன், என்ன மழையில விட்டுட்டு எங்கடா போறீகன்னு கத்துனேன்.

சனம் அப்படியே உக்காந்து அழுதுருச்சு. தப்பு நெனச்சுட்டோம் தாயேன்னு என் காலப் பிடிக்காக. என் கால, தம்பி. அந்தப் பித்தவெடிப்புக் கால.

அப்பத்தான் கயித்துக்கு அந்தப் பக்கம் சுருளியம்மா ஆட ஆரம்பிச்சா.

நான் பதினாலு வருசம் ஆடினவன். சாமி வந்த ஒடம்பு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா. அவ கத்தல, குதிக்கல. பாதத்துலருந்து ஒரு நடுக்கம் ஏறி வந்துச்சு, கண்ணு எங்கயோ நிக்கு, மழைத்தண்ணி தெறந்த கண்ணுக்குள்ள விழுது, இமைக்க மாட்டேங்கா. கயித்தத் தாண்டிட்டா. யாரும் தடுக்கத் தோணாம நிக்காக. நேரா வந்தா, வாசல்ல குனிஞ்சா, ரெண்டு கையாலயும் மண்ண அள்ளிட்டா. போங்க, எம்புள்ளைகளக் கூட்டிட்டுப் போங்கன்னா. அது அவ கொரலு இல்ல. அந்த மண்ணோட பெரியாளு மடியப் பாத்துப் போறா.

வந்திருக்கு, ஆத்தா அவகிட்ட வந்திருக்கு. எனக்கு அது தெரியும். அங்க நின்னதுல எனக்கு மட்டுந்தான் அது நல்லாத் தெரியும்.

நான் அவ கொண்டையப் பிடிச்சு இழுத்தேன். பேய்டா, வாசலத் தாண்டி வந்திருக்கு பாருடான்னேன். கையத் தட்டி மண்ண உதுத்துவிட்டேன். முகத்துல திருநீற அள்ளி அடிச்சேன். வேப்பங்கொப்பால முதுகுல அடிச்சேன். பழனிச்சாமி தப்ப நிறுத்தல. நிறுத்துன்னு நான் சொன்னாத்தான நிறுத்துவான். நான் சொல்லல. பொஞ்சாதி அடி வாங்குறா, அவன் அடிச்சுக்கிட்டே நிக்கான். சனத்துல சிலபேரு சிரிச்சாக. அவ கொஞ்ச நேரத்துல நிதானத்துக்கு வந்துட்டா. என் முகத்தப் பாத்து என்னமோ கேட்டா. தப்புச் சத்தத்துல எனக்குக் கேக்கல. பெறகு ரெண்டு பொம்பளைக வந்து அவளக் கயித்துக்கு அந்தப் பக்கம் இழுத்துட்டுப் போயிட்டாக.

தண்ணி இருக்கா ஒங்கிட்ட? குடு. வேணாம், கைய விடாத, நானே எடுத்துக்கிடுதேன்.

புதன்கெழம விடிஞ்சும் விடியாம. நான் கங்காணி வீட்டுல இருந்தேன், சாமி எறங்குனவன் வெரதத்தோட தனியாப் படுக்கணும்னு சொல்லி வச்சிருந்தேன். பெரட்டுக்குத் தப்புக் கூட அடிக்கல இன்னும். ஒரு சத்தம். இடின்னு நெனச்சேன், ஆனா இடி நிக்கும்லா, அது நிக்கல. மலை சரியுறத மலையாளத்தாளுக உருள் பொட்டுறதும்பாக. வெளிய ஓடி வந்து பாத்தா எதுத்த பக்கம் லயம் இல்ல. இடிஞ்சு கெடக்குன்னு இல்ல, அங்க லயம் இருந்த தடமே இல்ல. செவப்பா மண்ணு, உழுது போட்ட வயலு மாதிரி. பச்ச மண்ணு வாடை. மேல லயம், கீழ லயம்னு நாங்க பிரிச்சு வச்சிருந்தோம்ல, மண்ணு ஒண்ணாத்தான் மூடியிருந்துச்சு.

ஆறு நாளு தோண்டுனோம். சுருளியம்மா கெடைக்கல. பழனிச்சாமி கெடச்சான்.

ஃபாக்டரியில முந்தின நாள் வேலைக்குப் போயி அங்கயே தங்குன ஏழெட்டுப் பேருதான் மிச்சம். அவுக வந்து என்னக் கட்டிப் பிடிச்சு அழுதாக. நீயாவது தப்பிச்சயே, ஆத்தா ஒன்னத் தொடலயேன்னாக. ஒரு வார்த்த திட்டியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். உத்தரவு சொன்னவனாச்சே, என்னடா சொன்னன்னு ஒருத்தராவது கேப்பாகன்னு பாத்தேன். கேக்கல. ஏன் கேக்கலன்னா, அதுக்குள்ள கங்காணி வேற ஒரு கதையக் கட்டி விட்டுட்டாரு. வாசலத் தாண்டி அவ மண்ணத் தொட்டுட்டால்லா, அதான் ஆத்தா கோவிச்சுக்கிட்டு மலையச் சரிச்சுட்டான்னு. எல்லாரும் ஆமான்னுட்டாக. செத்துப் போனவ மேல, அவ பொணங்கூடக் கெடைக்காதவ மேல, அத்தன பேரு சாவையும் தூக்கி வச்சுட்டாக. எம்மகளுக்குக் கொடி அறுத்தவ தம்பி.

நான் என்ன சொன்னேன்னா? தலையக் குனிஞ்சு நின்னேன். அதையும் பக்தின்னு நெனச்சுக்கிட்டாக.

கோயிலா? கட்டினாரு. கட்டாம என்ன. சொன்ன வாக்குத் தவற மாட்டாரு. கல்லுக் கட்டடம். ஒரு நாள் கூட நான் அதுக்குள்ள போகல. சலங்கையையும் சல்லடத்தையும் பெரியாத்துல போட்டுட்டு இங்க வந்துட்டேன். ஒரு ராவுத்தரு லாடம் அடிச்சுக்கிட்டு இருந்தாரு, அவரு கிட்டச் சேந்துக்கிட்டேன்.

இன்னும் ஒரு காலுதான். பிடிச்சுக்கோ.

என்ன யோசிக்க? சொல்லு, மென்னு முழுங்காத. ம். நானும் அத நெனச்சேன், நீ தட்டோட வந்து நின்ன ஒடனே நெனச்சேன். இந்தத் துண்டக் கட்டிக்கிட்டு அங்க வந்து, ஆடி, மண்ண அள்ளி ஒங்க பெரியாளு மடியில போட்டுட்டா என்ன. பொய்யாவே ஆடினாலும் அத்தன உசுரு தப்பிக்கும்லா. நல்ல யோசனைதான். ஆனா கேளு. ஒங்க கங்காணி என்ன எதுக்குக் கூப்பிடுறாரு? சனம் நம்புற ஆளு ஒருத்தன் வேணும், அவன் தாம் பேச்சக் கேக்கிறவனாவும் இருக்கணும்னுதான. எங்க பெரியமுத்துக் கங்காணி அவருக்கு ஒறவா? தங்கச்சி மாப்பிள்ளையா. அப்பத் தெரிஞ்சுதான் கூப்பிடுறாரு. அங்க வந்து நின்னதும் என் தோள்ல கையப் போடுவாரு. சங்கையாண்ணேம்பாரு. அப்ப என் வாயில என்ன வரும்னு எனக்கே சொல்ல முடியாது தம்பி. அடுத்தவன் மேல நம்பிக்கை இல்லாம இருக்கலாம். எனக்கு எம்மேலயே இல்ல.

அதோட, சாமி சொல்லிப் போற சனம், நாளைக்கு இன்னொருத்தன் ஆடி இருன்னு சொன்னா இருந்துரும். 

அந்த வெடிப்பச் சொல்லு. எவ்வளவு அகலம்? வெரலு நுழையுமா, கை நுழையுமா? கை. யாரும் சொல்லக் கேட்டயா, நீயே பாத்தியா? நீயே விட்டுப் பாத்தியா. எது வரைக்கும் போச்சு? முழங்கை. உள்ள தண்ணி பட்டுச்சா? அப்பறம் என்னத்துக்குய்யா ஒனக்கு இன்னொருத்தன் உத்தரவு.

அன்னைக்கும் அப்படித்தான் இருந்துச்சு. முழங்கை வரைக்கும் போச்சு, உள்ள சில்லுன்னு தண்ணி ஓடுச்சு.

ஆமா. போயிப் பாக்கலன்னுதான் சொன்னேன். பாத்தேன். ஞாயித்துக்கெழம சுருளியம்மாதான் முன்னால நடந்து கூட்டிட்டுப் போனா, வழுக்குற எடத்துல கம்ப நீட்டுனா, கையத் தரக் கூடாதுல்லா அதான் கம்பு. கைய விட்டுப் பாருங்கண்ணேன்னா. விட்டேன். மறுநாள் கங்காணி வந்து கேட்டதுக்குச் சரின்னேன். சரின்னு சொல்லி அவரு கொடைய விரிச்சு எறங்குன கையோட, சாந்தம்மாளையும் புள்ளையையும் தேயிலைப் பெட்டி வண்டியில ஏத்திக் கம்பத்துக்கு அனுப்பிட்டேன். ஒங்கண்ணன் மகளுக்குச் சடங்கு, சொல்லி அனுப்பிருக்காகன்னேன். அங்க சடங்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவ போயிப் பாத்துத் திகைச்சு நின்னுருக்கா. மூணாம் நாளு சேதி போனதும் அவளுக்குப் புரிஞ்சு போச்சு. அதான் இங்க வாறதில்ல. குளிரு கெடக்கு. நான் போனாத் தண்ணி குடுப்பா, சோறு போடுவா, முகத்தப் பாக்க மாட்டா.

சுருளியம்மா கேட்டது தப்புச் சத்தத்துல கேக்கலன்னேன்ல. கேட்டுச்சு. முகமெல்லாம் திருநீறு, ஒதட்டுல ரத்தம், மெதுவாத்தான் கேட்டா. அண்ணே, மதினியும் புள்ளையும் எங்கன்னா.

அவ்வளவுதான். அந்தத் தட்ட அப்படியே எடுத்துட்டுப் போ. நான் வரலன்னா ஒங்க கங்காணி வேற ஒருத்தனக் கூட்டியாருவாரு, கெடைப்பான். ஆடட்டும். ஆடி முடிச்சு இருங்கன்னு சொன்னா, எல்லாரும் கால்ல விழுறதுக்கு முன்ன நீ எந்திரிச்சு அதையே கேளு. ஒம்பொஞ்சாதி புள்ள எங்கன்னு அவங்கிட்டயும் கேளு, கங்காணிகிட்டயும் கேளு. அவள மாதிரி மெதுவாக் கேக்காத. தப்புச் சத்தத்துக்கு மேல கேக்கணும்.

சரி, கயித்த அவுத்துட்டேன். தலைய விடு, மாடு எந்திரிக்கட்டும்.